காட்டுக்குள் போகும் சிவப்புக் குல்லாய்கள்: உச்செல்லோவின் முதுமைக்கால ஓவியம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆக்ஸ்போர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நீளவாக்கில் ஒரு பலகை ஓவியம் இருக்கிறது. உயரம் 73 சென்டிமீட்டர் சொச்சம், அகலம் 177. நல்ல உயரமான ஆள் ஒருவரைப் படுக்கவைத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வருவார். ‘காட்டில் வேட்டை’ என்று அதற்குப் பெயர். வரைந்தவர் பாவ்லோ உச்செல்லோ, ஃப்ளோரன்ஸ்காரர். காலம் ஏறக்குறைய 1470. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதன்பின் ஐந்து வருடம்தான் இருந்தார்.

முதல் பார்வையில், குதிரைப்படை ஒன்று காட்டுக்குள் நுழைவது போலத்தான் தோன்றும். சிவப்புக் குல்லாய், சிவப்புச் சேணம், கடிவாளத்தைச் சுண்டும் கைகள். ஆனால் இது படை இல்லை. கவசம் இல்லை, கொடி இல்லை, எதிரி இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் குதிரைக்காரர்கள் வருகிறார்கள். கோலோடு ஓடி விலங்கைக் கிளப்பிவிடும் ஆட்களும், மெலிந்த உடம்பும் நீண்ட முகமுமாக வேட்டைநாய்களும் அவர்களோடு ஓடுகின்றன. முன்னே பாய்ந்தோடுபவை மான்கள். அத்தனையும் படத்தின் நடுவில் இருக்கும் ஓர் இருட்டை நோக்கிப் போகின்றன.

நான் ஓவியன் இல்லை. கட்டட வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். கணினி வருவதற்கு முன்பு, டிராயிங் போர்டில் ஆணி அடித்து நூல் கட்டி பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும்படி, உள்ளே போகும் கோடுகளை ஒரே புள்ளியில் சேர்த்து வரையும் முறை) போடக் கற்றுக்கொண்ட தலைமுறை. இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது வண்ணமோ மானோ என் கண்ணில் படவில்லை. ‘இந்த ஆளும் ஆணி அடித்திருக்கிறார்’ என்றுதான் தோன்றியது. அதிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது.

பழைய தீர்ப்பு

உச்செல்லோவைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர் ஜார்ஜோ வசாரி. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து 1550-இல் ஒரு நூலும், 1568-இல் அதன் விரிவான பதிப்பும் வெளியிட்டவர். முதல் பதிப்பு வந்தபோது உச்செல்லோ இறந்து 75 வருடங்கள் ஆகியிருந்தன. வசாரி அவரை நேரில் பார்த்தவர் அல்லர். காதில் விழுந்ததை, ஊரில் பேசிக்கொண்டதை, தானே யூகித்ததை எல்லாம் சேர்த்து ஒரு மனிதரை உருவாக்கினார்.

அவர் எழுதியதன் சாரம் இது: உச்செல்லோ பெர்ஸ்பெக்டிவில் வீணாக்கிய உழைப்பை மனிதர்களையும் விலங்குகளையும் வரைவதில் போட்டிருந்தால், பழைய ஃப்ளோரன்ஸ் ஓவிய மேதை ஜோத்தோவுக்குப் பிறகு வந்தவர்களில் அவரே கற்பனை வளம் மிக்கவராக இருந்திருப்பார். அதைச் செய்யாமல் ராப்பகலாகக் கோடு போட்டுக்கொண்டிருந்து வறுமையில் தனிமைப்பட்டுப் போனார்.

இதற்குத் துணையாகச் சில கதைகள். மனைவி தூங்க வரச்சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், “ஆஹா, இந்தப் பெர்ஸ்பெக்டிவ் எவ்வளவு இனிமையானது!” என்பாராம். நண்பரான சிற்பி தொனாதெல்லோ, கோணங்களும் பட்டைகளுமாக அவர் வரைந்ததைப் பார்த்துவிட்டு, “பாவ்லோ, இந்தப் பெர்ஸ்பெக்டிவுக்காக நிச்சயமானதை விட்டுவிட்டு நிச்சயமில்லாததன் பின்னால் போகிறாயே” என்றாராம்.

பாலாடைக்கட்டிக் கதையும் உண்டு. சான் மினியாத்தோ மடத்தில் சுவரோவியம் வரையப் போன இடத்தில், மடாதிபதி மூன்று வேளையும் பாலாடைக்கட்டியாகவே போட்டாராம். கூச்ச சுபாவக்காரரான உச்செல்லோ ஒன்றும் சொல்லாமல் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். துறவிகளைத் தெருவில் கண்டாலே ஓட்டம். ஒருநாள் இரண்டு இளம் துறவிகள் துரத்திப் பிடித்துக் காரணம் கேட்டார்கள். “உங்கள் மடாதிபதி என்னை முழுக்கப் பாலாடைக்கட்டி ஆக்கிவிட்டார். தச்சர்கள் இருக்கும் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, பிடித்துப் பசை காய்ச்சிவிடுவார்கள்” என்றாராம். அந்தக் காலத்தில் மரம் ஒட்டும் பசையைப் பாலாடைக்கட்டியிலிருந்துதான் எடுத்தார்கள் என்பதால் இதில் தொழில் தெரிந்தவனின் குறும்பு இருக்கிறது. இந்தக் கதை நடந்ததோ இல்லையோ, ராப்பகலாகக் கோடு போடும் பைத்தியம் பேசுகிற பேச்சு இல்லை இது.

உச்செல்லோ என்பதும் பட்டப்பெயர்தான். பறவை என்று பொருள். சொந்தப் பெயர் பாவ்லோ தி தோனோ. பறவை, விலங்குப் படங்களால் வீட்டை நிரப்பி வைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்கிறார் வசாரி. ஒரு மனிதருக்கு ஊரே ‘பறவை’ என்று பேர் வைக்கும் அளவுக்கு விலங்கும் பறவையும் வரைந்திருக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, விலங்கு வரையவில்லையே என்று இன்னொரு பக்கம் வருத்தப்படுகிறார். இந்த முரண்பாடு ஒன்றுக்காகவே வழக்கை மறுபடி எடுக்கலாம்.

1469-இன் வரிப் படிவம்

வசாரியின் தரப்புக்கு வலுச்சேர்க்கும் ஆவணம் ஒன்றும் இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் அரசு 1427-இல் ஒரு வரிமுறையைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சொத்து, கடன், வயது, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1469-ஆம் ஆண்டு உச்செல்லோ கொடுத்த கணக்கில் ஒரு வரி வருகிறது: வயதாகிவிட்டது, பிழைக்க வழியில்லை, வேலை செய்ய முடியவில்லை, மனைவியும் நோயாளி.

அவரைப் பற்றி எழுதும் எவரும் இந்த வரியைத் தாண்டிப் போவதில்லை. எனக்கும் படிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்தது. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது நாட்குறிப்பு இல்லை, வரி அலுவலகத்துக்குக் கொடுத்த கணக்கு. வரிப் படிவத்தில் ‘நன்றாக இருக்கிறேன், வருமானம் கொட்டுகிறது’ என்று எழுதியவர் எந்த ஊரிலாவது உண்டா? அந்த ஃப்ளோரன்ஸ் கணக்குகளில் பஞ்சப்பாட்டு பாடாதவர்கள்தான் குறைவு. உச்செல்லோ பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. எழுபது வயதில் உடம்பு முடியாமல் போயிருக்கும்தான். அந்த வரியை அவருடைய கலையின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பார்த்தால் இது புரியும். 1460களின் நடுவில் மகன் தொனாத்தோவை அழைத்துக்கொண்டு உர்பினோ போயிருக்கிறார். அங்கே கோர்ப்புஸ் தோமினி என்ற சமயக் குழுவின் பீடத்துக்கு அடிப்பலகையாக ஆறு காட்சிகள் வரைந்தார். இன்றும் உர்பினோவில் இருக்கின்றன. மேலே வரவேண்டிய பெரிய ஓவியம் அவர் கைக்கு வரவில்லை. 1469-இல் பியரோ தெல்லா ஃப்ரான்செஸ்கா என்ற ஓவியரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கடைசியில் வரைந்தது ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்த யுஸ்டஸ். ஆக, பெரிய வேலை கை நழுவியது, வயது ஏறியது. இந்த நிலையில்தான் வரிப் படிவம். இந்தப் பக்கத்திலோ அந்தப் பக்கத்திலோ, ஓரிரண்டு வருடத்தில், காட்டில் வேட்டை.

நூலும் குண்டூசியும்

இனி பொருளைப் பரிசோதிக்கலாம். படத்தை ஏ3 தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டினேன். நடுவில் குண்டூசி, அதில் தையல் நூல். எந்த டிராஃப்ட்ஸ்மேனும் செய்யக்கூடிய வேலை.

நூலை எங்கே பிடிப்பது என்பதுதான் முதல் சிக்கல். பெர்ஸ்பெக்டிவ் போடுவதற்கு நேர்க்கோடு வேண்டும். தரையில் சதுரக் கல் பதித்திருந்தால் கல்லின் விளிம்பு இருக்கும். அறையாக இருந்தால் உத்தரம் இருக்கும். தெருவாக இருந்தால் வீட்டு வரிசை இருக்கும். லெயோன் பத்திஸ்தா அல்பெர்த்தி 1435-இல் ஓவியர்களுக்காக எழுதி வைத்த முறையே தரையைக் கட்டம் போட்டுப் பிரிப்பதில்தான் தொடங்குகிறது. காட்டில் கட்டம் ஏது? எல்லாம் கோணல். மரம் வளைந்து நிற்கும், கிளை குறுக்கே வரும், புதர் மறைக்கும். பெர்ஸ்பெக்டிவைக் காட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கும் ஒருவன் காட்டுப் பக்கமே போகமாட்டான். கட்டடம் வரைந்துவிட்டுப் போவான்.

கிழவர் காட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதைத் தனக்கு வேண்டியபடி திருத்திக்கொள்கிறார். எப்படி என்று கீழேயிருந்து பார்க்க வேண்டும். தரையில் வெட்டிப்போட்ட மரக்கட்டைகள் கிடக்கின்றன. தற்செயலாகக் கிடப்பது போலத்தான் இருக்கும். நூலை இழுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், முன்னால் கிடக்கும் கட்டைகளில் பெரும்பாலானவை ஊசி குத்திய நடு இடத்தை நோக்கியே கிடக்கின்றன. இடப்பக்கத்துக் கட்டை வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது, வலப்பக்கத்தது இடப்பக்கமாக. அரண்மனைத் தரையில் சலவைக்கல்லின் விளிம்பு செய்யும் வேலையை இங்கே விறகு செய்கிறது.

அப்புறம் மரங்கள். முன்வரிசையில் நான்கு பெரிய மரங்கள் ஒழுங்கான இடைவெளியில், மண்டபத்துத் தூண்கள் போல நின்று படத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கின்றன. அடிமரத்தில் கிளையே இல்லை. உச்சியில்தான் தழை. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, இன்னும் ஒல்லியாக. அதற்குப் பின்னால் இன்னும் ஒல்லியாக. இந்தக் காட்டுக்குள் நமக்கு முன்பே ஒரு விறகுவெட்டி வந்து போயிருக்கிறான். கிளை கழித்து, அடி சுத்தம் செய்து, கட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஐரோப்பாவில் அப்படிப் பராமரித்த காடுகள் நிஜமாகவே இருந்தன என்பதால் பார்ப்பவருக்கு எதுவும் உறுத்தாது. கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

மூன்றாவது, உருவங்களின் அளவு. முன்னால் குதிரை மேல் இருப்பவர் கட்டைவிரல் நீளம் என்றால் (என் ஏ3 தாளின் அளவில் சொல்கிறேன்), உள்ளே ஓடுபவர் அரிசியளவு. நடுவில் பல படிகள். ஒரே மனிதன் ஓடி ஓடிச் சிறுத்துப் போவது போல இருக்கிறது. கண் எங்கேயும் நிற்பதில்லை. குல்லாயிலிருந்து குல்லாய்க்கு, நாயிலிருந்து நாய்க்குத் தாவி உள்ளே போய்விடுகிறது.

போய் எங்கே சேர்கிறது? இதுதான் எனக்கு முக்கியமாகப் படும் இடம். மறைபுள்ளியை வீணடிக்கக் கூடாது என்பது அந்தக் கால ஓவியர்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கோடும் சேரும் இடத்தில் முக்கியமானதை வைப்பார்கள். ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா கோவிலில் மசாச்சோ வரைந்த ‘திரித்துவம்’ ஓவியத்தில் கோடுகள் சிலுவையின் அடியில் சேர்கின்றன. உச்செல்லோவுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதே வளாகத்தின் பச்சை முற்றத்தில்தான் அவர் தன் ‘பிரளயம்’ சுவரோவியத்தை வரைந்தார். பின்னாளில் லியனார்டோ ‘கடைசி விருந்து’ வரைந்தபோது கோடுகளை எல்லாம் இயேசுவின் தலைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே கோடுகள் சேரும் இடத்தில் யாரும் இல்லை. தலைவனும் இல்லை, தெய்வமும் இல்லை, பிடிபட்ட மானும் இல்லை. இருட்டு மட்டும்தான். அதற்குள் மான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பெர்ஸ்பெக்டிவ் என்ற கருவி, கண்ணை இழுத்துக்கொண்டு போய் எதையோ காட்டுவதற்காக வந்தது. இந்த முதியவர் அதை எதையும் காட்டாமல் இருப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். வேட்டை என்பதே அதுதானே? துரத்தும் வரை பொருள் முன்னால் இருக்கும், எட்டாது. படம் பார்ப்பவரும் வேட்டைக்காரரோடு சேர்ந்து துரத்துகிறார். கையில் ஒன்றும் கிடைப்பதில்லை.

கருவியைக் கட்டிக்கொண்டு அழுதவர் என்ற வசாரியின் தீர்ப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது. கருவிக்கு அடிமையானவர் கருவியைக் காட்டிக்கொண்டிருப்பார். இங்கே நூல் பிடித்துத் தேடினால்தான் அது அகப்படுகிறது.

மூன்று இடத்துக் குதிரைகள்

உச்செல்லோ இளமையில் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவியைக் காட்டிக்கொண்ட காலமும் அவருக்கு உண்டு.

1436-இல் ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் சுவரில் ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயக் கூலிப்படைத் தலைவரைக் குதிரைமேல் வரைந்தார். முதல் முறை வரைந்ததை, சரியாக வரவில்லை என்று ஆலய நிர்வாகம் அழிக்கச் சொன்னது. மறுபடி வரைந்ததுதான் இன்றுள்ளது. பீடத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பது போலவும், மேலேயுள்ள குதிரையை நேருக்கு நேர் பார்ப்பது போலவும் வரைந்திருக்கிறார். இரண்டும் ஒட்டவில்லை, ஆனாலும் கம்பீரமாக நிற்கிறது. அந்தக் குதிரை ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் தூக்குகிறது, நிஜக்குதிரை அப்படிச் செய்தால் விழுந்துவிடும், பாவ்லோவுக்குக் குதிரையேற்றம் பழக்கமில்லை போலும் என்று வசாரி குறை சொன்னார். குதிரை தெரிந்தவர்களைக் கேட்டால், ஒருபக்கக் கால்களைச் சேர்த்து வைக்கும் நடை குதிரைகளுக்கு உண்டு என்பார்கள். சரி, அது போகட்டும்.

அடுத்து சான் ரொமானோ போர். 1432 ஜூன் 1-ஆம் தேதி ஃப்ளோரன்ஸும் சியேனாவும் மோதிக்கொண்ட சண்டை. மூன்று பெரிய பலகைகள். இன்று ஒன்று லண்டனில், ஒன்று ஃப்ளோரன்ஸின் உஃபிஸியில், ஒன்று பாரிஸின் லூவரில். லண்டன் பலகை மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் அகலம். பர்த்தோலினி சலிம்பேனி குடும்பத்துக்காக வரைந்த இவற்றை, ஃப்ளோரன்ஸில் அதிகாரம் செலுத்திய மெதிச்சி குடும்பத்து லொரென்ஸோ பின்னாளில் அவர்களிடமிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய்விட்டார் என்பதை ஆவணங்கள் காட்டுகின்றன. ஓவியத்தை மெதிச்சி குடும்பம் எப்படி ரசித்தது என்று பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

லண்டன் பலகையில் தரை வெளிறிய சிவப்பு. அதன்மேல் ஒடிந்த ஈட்டிகள் கட்டம் போட்டது போலவே விழுந்து கிடக்கின்றன. சண்டையின் நடுவில் யார் வந்து ஈட்டியை அளந்து அடுக்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். விழுந்து கிடக்கும் வீரன் ஒருவன்கூட அந்தக் கோட்டுக்கு இசைவாகத்தான் செத்திருக்கிறான். குதிரைகள் ராட்டினத்து மரக்குதிரைகள் போல உருண்டு திரண்டிருக்கின்றன. பின்னால் ஒரு வேலி. அதற்கு அப்பால் மலை திரைச்சீலை போலத் தொங்குகிறது. கண்ணை உள்ளே இழுக்கும் கோடுகள் வேலியில் மோதி நின்றுவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த படம்தான். ஆனால் அதில் கணக்கு கணக்காகவே நிற்கிறது, சண்டை சண்டையாக நிற்கிறது.

இந்த ஈட்டிகளை வேட்டைப் படத்தின் மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் ஓடிய வருடங்கள் தெரியும். செய்வது அதே வேலை, அதே கோடு. ஈட்டி கண்ணில் குத்துகிறது, கட்டை காட்டோடு காடாகக் கிடக்கிறது. வேலியை எடுத்துவிட்டார். குதிரைகளும் இளைத்து லேசாகிவிட்டன. ஓரத்துக் குதிரைகள் சில காட்டின் விளிம்பிலேயே கடிவாளம் இழுபட்டுத் திமிறுகின்றன. காட்டுக்குள் குதிரையால் ஓரளவுக்கு மேல் போக முடியாது என்பது வேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். உள்ளே ஓடுவது காலாட்களும் நாய்களும்தான் அதிகம்.

இரவா, பகலா

இந்தப் படத்துக்கு ‘இரவு வேட்டை’ என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. வானம் கருநீலம், தழை கிட்டத்தட்டக் கறுப்பு. குதிரைகளின் சேணத்தில் பொன்னிறப் பிறைகள் வேறு இருக்கின்றன. வேட்டையின் தெய்வம் தியானாவின் அடையாளம் பிறை. ஆக, நிலாக்கால வேட்டை என்று முடிவு கட்டுவது சுலபம்.

எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரு சாதாரண சோதனை: நிலா வெளிச்சத்தில் ஒரு சிவப்புத் துணியை மொட்டைமாடிக் கொடியில் போட்டுப் பாருங்கள். கறுப்பாகத்தான் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு முதலில் பறிபோகும் நிறம் சிவப்பு. இந்தப் படத்திலோ சிவப்புதான் கத்திக்கொண்டு நிற்கிறது. குல்லாயில் சிவப்பு, சட்டையில் சிவப்பு, சேணத்தில் சிவப்பு. ஆட்கள் மேல் விழும் வெளிச்சம் நிலாவின் வெளிச்சம் இல்லை.

அதோடு, அந்தக் காலத்தில் செம்பிலிருந்து எடுத்த பச்சைகள் நாளடைவில் பழுப்பேறிக் கறுத்துப் போவது சகஜம். ஐநூற்றைம்பது வருடத்துக்கு முன்பு இந்தத் தழை இன்று தெரிவதைவிடப் பச்சையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தங்கமும் சேர்த்திருக்கிறார். அதன் மிச்சங்கள் இன்றும் பலகையில் உண்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கத்தின் குணம் தெரியும்தானே. சுடர் ஆடும்போது அதுவும் மினுங்கும். காட்டுக்குள் ஏதோ அசைந்தது போல இருக்கும். மின்விளக்கின் நிலையான வெளிச்சத்தில் அந்த அசைவு நமக்குக் கிடைப்பதில்லை.

என்னைக் கேட்டால், இது எந்த வேளையும் இல்லை. உச்செல்லோ நேரம் பார்த்து வண்ணம் பூசியவர் அல்லர். வயலை நீலமாகவும் ஊரைச் சிவப்பாகவும் வரைந்தார் என்று வசாரியே குறைபட்டிருக்கிறார். கறுப்பு மேல் சிவப்பு வைத்தால் எடுப்பாகத் தெரியும், சிறுத்துப்போனாலும் தெரியும். அரிசியளவு மனிதன் அந்தத் தூரத்தில் நம் கண்ணுக்கு அகப்படுவது சிவப்பால்தான். இருட்டும் பெர்ஸ்பெக்டிவ் கணக்கில் சேர்ந்த ஒன்றே.

யாருக்காக, எங்கே மாட்ட

இந்தப் படத்துக்கு ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை. பிறையை வைத்து ஸ்ட்ரொஸ்ஸி குடும்பம் என்று சிலர் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களின் குலச்சின்னத்திலும் பிறை உண்டு. தியானா என்று ஒரு விளக்கம் கையில் இருக்கும்போது அதை வைத்து வீட்டுச் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் படுகிறது.

வடிவத்தை வைத்துச் சொல்லக்கூடியது கூடுதல் உறுதியானது. இப்படி நீளமாகவும் குட்டையாகவும் இருக்கும் பலகைகளை ஸ்பல்லியேரா என்பார்கள். தோள் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பணக்கார வீட்டு அறையில், மரச் சுவர்த்தடுப்பில் தோள் உயரத்துக்குப் பதிப்பார்கள், அல்லது கல்யாணப் பெட்டிக்கு மேலே வைப்பார்கள். கட்டில், சாய்மேடை போன்றவற்றுக்கு உச்செல்லோ வரைந்த பலகைகள் ஃப்ளோரன்ஸ் வீடுகளில் நிறைய இருந்ததாக வசாரியும் எழுதுகிறார். ஆக இது கோவிலுக்கோ அரசவைக்கோ வரைந்தது இல்லை. யாரோ ஒருவர் காலையில் எழுந்து சட்டை மாட்டும்போது பக்கத்தில் இருந்த படம்.

தோள் உயரம் என்பது எனக்கு வெறும் தகவல் இல்லை. பெர்ஸ்பெக்டிவில் மறைபுள்ளி பார்ப்பவரின் கண் உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் படம் ஜன்னலாகும். தோள் உயரத்தில் இந்தப் பலகையைப் பதித்தால், அறையில் நிற்பவரின் கண்ணும் காட்டின் நடு இருட்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வந்துவிடும். சுவரில் ஒரு ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் காடு. வேலைக்கு ஆள் வைத்தவர் பிறை கேட்டிருக்கலாம், சிவப்பு கேட்டிருக்கலாம். இந்த உயரக் கணக்கைக் கேட்டிருக்கமாட்டார்.

மெதிச்சி அரண்மனைத் தேவாலயத்தில் பெனொஸ்ஸோ கொஸ்ஸோலி 1459-இல் வரையத் தொடங்கிய மன்னர்களின் ஊர்வலத்தில் அந்தக் குடும்பத்தாரின் முகங்கள் குதிரைமேல் வரிசையாக வருகின்றன. இவர் இன்னார் என்று கைகாட்டலாம். அந்த மாதிரி எந்த முகமும் வேட்டையில் இல்லை. வாய் திறந்து கூச்சலிடுகிறார்கள், குனிகிறார்கள், திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பலகை இங்கிலாந்துக்கு வந்தது ஃபாக்ஸ்-ஸ்ட்ராங்வேஸ் என்ற தூதரக அதிகாரியால். ரஃபேலுக்கு முந்தைய இத்தாலிய ஓவியங்களைப் பலர் மதிக்காத காலத்தில் அவற்றைச் சேகரித்தவர். 1850-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த படங்களில் இதுவும் ஒன்று.

பிறகு

உச்செல்லோ 1475 டிசம்பரில் இறந்தார். சாந்தோ ஸ்பிரித்தோ கோவிலில், தன் தந்தையின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மகள் அந்தோனியா கார்மலைட் சபைத் துறவி. அவருக்கு வரையத் தெரியும் என்று வசாரி ஒரு வரி போகிறபோக்கில் சொல்கிறார். 1491-இல் அவர் இறந்தபோது ஃப்ளோரன்ஸின் இறப்புப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓவியர்’ என்ற சொல்லைப் பெண்பாலில் எழுதியிருக்கிறார்கள். அவர் கை பட்டது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு படமும் இன்று நம்மிடம் இல்லை. வேலை செய்ய முடியவில்லை என்று அப்பா எழுதிக் கொடுத்த அந்த வருடங்களில் மகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி. நூல் பிடிக்கவாவது கூட நின்றிருப்பாளா என்று யோசிக்கிறேன். இருவர் இருந்தால் வேலை சுலபம், ஒருவர் ஆணிப்பக்கம், ஒருவர் விளிம்பில்.

என் தாளிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்துவிட்டேன். நடு இருட்டில் ஊசி போன துளை வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குச் சற்று இந்தப் பக்கம் வரை ஓடி வந்த நாய் ஒன்றுக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்கூட, நான்கு கால் என்று சொல்ல முடியவில்லை. தூரிகை நுனியால் வைத்த வெளிர்க் கீற்று மட்டுமே. ஆனாலும் அது ஓடுவது தெரிகிறது.